பதினெட்டு வருஷம் அந்தப் பேப்பர் யார் மேசையில் இருந்தது?

2024 கடைசியில் சித்தி திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து, எங்கள் மாட்டுங்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "ஏட்டி, பதினெட்டு வருஷமா எவன் மேசையில தூங்குச்சு இந்தப் பேப்பர்?"

நியூஜெர்சியில் இருக்கும் மாமா, அதாவது சித்தியின் அண்ணன், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு 2006 தொடக்கத்தில் தங்கைக்குக் கிரீன் கார்டு, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்டு மனுப் போட்டார். (அம்மாவுக்கும் போடுகிறேன் என்றார். மும்பையை விட்டு எங்கும் வர மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.) முறை வந்தது 2024இல். சென்னையில் குடியேற்ற விசாவுக்கு நேர்காணல் இல்லை, மும்பைக்குத்தான் வர வேண்டும். அதனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற பல தமிழ் வீடுகளுக்கு இப்படிச் சொந்தக்காரர்கள் வந்து தங்குவது வழக்கம். நேர்காணலுக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஃபைலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால், எல்லோருக்கும் அதே கேள்விதான். அதற்கான பதில் சுருக்கமானது: அந்தப் பேப்பர் யார் மேசையிலும் தூங்கவில்லை. அது தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

அமெரிக்கக் கிரீன் கார்டில் இரண்டு விதக் காத்திருப்பு உண்டு. முதலாவது, அதிகாரிகள் மனுவைப் படித்துச் சரிபார்க்க எடுக்கும் காலம். இரண்டாவது, உங்கள் பிரிவில் உங்களுக்கென ஓர் இடம் காலியாகும்வரை நிற்கும் காலம். முதலாவது மாதக் கணக்கு, சில சமயம் சில வருடம். இரண்டாவது சில பிரிவுகளில் பூஜ்யம், சில பிரிவுகளில் ஒரு தலைமுறை.

மே மாதம் ஊருக்கு டிக்கெட் போட்ட மும்பைத் தமிழர் யாருக்கும் இது தெரிந்த விஷயம்தான். டிக்கெட் பதிவாக இரண்டு நிமிடம். அது உறுதியாவது வேறு கதை. அதிலும் ஜெனரல் வெயிட்டிங் லிஸ்டில் 40ஆவது ஆளுக்கு பெர்த் கிடைத்துவிடும், பூல்டு கோட்டாவில் 4ஆவது ஆள் அசையாமல் நிற்பார். ஏனென்றால் அந்தக் கோட்டாவில் யாராவது ரத்து செய்தால்தான் அவருக்கு இடம். கவுண்டர்காரர் சுறுசுறுப்பாக வேலை செய்தாலும் அவர் நிலைமை மாறாது. கிரீன் கார்டும் அப்படியே. கோட்டா எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இன்றைய கோட்டாக் கணக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. குடும்ப வழியில் வருடத்துக்குக் குறைந்தது 2,26,000 இடம், வேலை வழியில் குறைந்தது 1,40,000. இது உலகம் முழுமைக்கும் சேர்த்து. இதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கும் 7, சின்னஞ்சிறு தீவு நாட்டுக்கும் 7. வருடம் என்பது அவர்கள் கணக்கில் அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை.

கோட்டாவே இல்லாத ஒரு கூட்டமும் உண்டு. அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குக் குறைந்த திருமணமாகாத பிள்ளை, பெற்றோர். பெற்றோருக்குப் போடுவதென்றால் பிள்ளைக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இவர்களுக்கு முதல் காத்திருப்பு மட்டும்தான், வரிசை கிடையாது. "பக்கத்து வீட்டு மாமிக்கு ஒன்றரை வருஷத்தில் வந்துவிட்டதே, நமக்கு ஏன் வரவில்லை" என்று யாராவது கேட்டால், அந்த மாமி மகன் வழியில் போனவர், நாம் அண்ணன் வழியில் காத்திருப்பவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்ற குடும்ப உறவுகள் பிரிவு பிரிவாக வரிசையில் நிற்கின்றன. எஃப்-1 என்பது குடிமகனின் திருமணமாகாத, 21 வயது கடந்த பிள்ளை. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரின் கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் எஃப்-2ஏ. அவருடைய திருமணமாகாத வளர்ந்த பிள்ளைகள் எஃப்-2பி. எஃப்-3 குடிமகனின் திருமணமான பிள்ளை. கடைசியாக எஃப்-4, உடன்பிறந்தவர்கள். இந்த எஃப்-4க்கு உலகம் முழுக்க வருடத்துக்கு 65,000 இடம்தான். உடன்பிறந்தவர் ஒருவருக்கு மனுப் போட்டால் கணவன், பிள்ளைகள் என்று நாலு பேர் சேர்ந்து போவார்கள், நாலு பேரும் நாலு இடத்தை எடுத்துக்கொள்வார்கள். சித்தி பதினெட்டு வருடம் நின்ற வரிசை இதுதான்.

வரிசையில் உங்கள் டோக்கன் எண் ஒரு தேதி. பிரையாரிட்டி டேட் என்பார்கள். குடும்ப மனுவில், ஐ-130 படிவம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதி. வேலை வழியில் பெரும்பாலோருக்கு, கம்பெனி தொழிலாளர் துறையில் பெர்ம் என்ற விண்ணப்பத்தைப் போட்ட தேதி. ஐ-797 என்று தலைப்பிட்ட ரசீதில் அது அச்சாகியிருக்கும். ஒவ்வொரு மாதமும் அமெரிக்க வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் என்று ஓர் அட்டவணை வெளியிடுகிறது. உங்கள் பிரிவுக்கும் இந்தியாவுக்கும் நேராக ஒரு தேதி இருக்கும். உங்கள் தேதி அதைவிட முந்தையதாக இருந்தால் உங்கள் முறை வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் 'சி' என்ற எழுத்து இருந்தால் வரிசையே இல்லை, எல்லோரும் வரலாம். 'யு' என்றால் இப்போதைக்கு யாருக்கும் இல்லை.

புல்லட்டினில் இரண்டு அட்டவணை இருப்பதுதான் புதியவர்களைக் குழப்பும். முதல் அட்டவணை, கிரீன் கார்டே கையில் கொடுக்கக்கூடிய தேதி. இரண்டாவது, தாள்களைத் தயார் செய்து கொடுக்கலாம் என்ற தேதி. இது கொஞ்சம் முன்னால் ஓடும். அமெரிக்காவுக்குள் இருந்தே ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போடுகிறவர்கள் எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறை மாதாமாதம் அறிவிக்கும். ஊரிலிருந்து போகிறவர்களுக்கு என்விசி என்ற தேசிய விசா மையமே எழுதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐ-130 அப்ரூவ் ஆனால் விசா வந்த மாதிரி இல்லை. மாமாவுக்கு 2009இல் அப்ரூவல் கடிதம் வந்தபோது சித்தி வீட்டில் கேசரி கிண்டி, தெருவுக்கே கொடுத்தார்கள். உறவு உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவே. அதற்கப்புறம் பதினைந்து வருடம் நின்றார்கள்.

வேலை வழிக்கு வருவோம். என் தம்பி டல்லாஸில் இருக்கிறான். அவன் தேதி 2015 பிப்ரவரி, பிரிவு ஈபி-2. அதாவது முதுகலைப் பட்டம் அல்லது அதற்கு நிகரான தகுதி கேட்கும் வேலை. பெர்ம் முடிந்ததும் கம்பெனி கூடுதல் கட்டணம் கட்டி பிரீமியத்தில் ஐ-140 என்ற வேலை வழி மனுவைப் போட்டது. பதினைந்தே நாளில் அப்ரூவல். அந்தப் பதினைந்து நாள்தான் முதல் காத்திருப்பு. இரண்டாவது இன்றுவரை முடியவில்லை.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை வழி 1,40,000இல் ஈபி-2க்கு 28.6 சதவீதம், 40,040 இடம். அதில் இந்தியாவின் 7 சதவீதம் சுமார் 2,800. மனைவி, பிள்ளைகளும் இதற்குள்ளேயே அடக்கம். மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மிஞ்சினால் சில வருடம் கொஞ்சம் கூடும். பெங்களூரு, சென்னை, ஐதராபாத் என்று எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் போன பொறியாளர்கள் இந்த வாசலில்தான் நிற்கிறார்கள்.

தேதி நேர்கோட்டில் நகராது என்பதையும் தம்பி கதையிலேயே பார்க்கலாம். கொரோனாவில் தூதரகங்கள் மூடிக் கிடந்தபோது குடும்ப வழி இடங்கள் பெருமளவு மிஞ்சின. சட்டப்படி அவை மறு வருடம் வேலை வழிக்கு வந்து சேர, 2021, 2022 நிதியாண்டுகளில் வேலை வழி இடங்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டின. 2020 அக்டோபரில், ஈபி-2க்கு அடுத்த படியான ஈபி-3க்குத் தாள் கொடுக்கும் தேதி 2015 ஜனவரி 1க்கு வந்தது. ஈபி-2இல் இருந்த பலர் அதே தேதியோடு ஈபி-3க்கு இறங்கி மனுப் போட்டார்கள். தம்பி ஒரு மாதச் சொச்சத்தில் தவறினான். 2022 செப்டம்பரில் ஈபி-2 தேதி 2014 டிசம்பர் 1இல் நின்றது. மறுபடி இரண்டு மூன்று மாதத்தில் தவறினான். அக்டோபர் புல்லட்டினில் தேதி சட்டென்று 2012 ஏப்ரலுக்குப் போய்விட்டது, டிசம்பரில் 2011க்கே போனது. ரெட்ரோக்ரஷன் என்பது இதுதான். இடத்தைவிட ஆள் அதிகம் வந்துவிட்டால் தேதியைப் பின்னுக்கு இழுப்பார்கள். 2025 நடுவில் அது 2013 ஜனவரியில் நின்றது. இரண்டு வருடத் தூரம்தானே என்று தோன்றும். ஆனால் தேதியில் ஒரு வருடம் கடக்க நாட்காட்டியில் எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்டுகளிடம் தயவுசெய்து போகாதீர்கள். அந்தத் தேதியை நகர்த்தும் செல்வாக்கு எந்த வக்கீலுக்கும் எந்த அரசியல்வாதிக்கும் இல்லை.

காத்திருக்கும் காலத்தில் வாழ்க்கை எப்படி ஓடுகிறது? எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஆறு வருட வரம்பு உண்டு. ஐ-140 அப்ரூவ் ஆகி, தேதி வராமல் இருந்தால் மும்மூன்று வருடமாக நீட்டிக்கலாம். மனைவியோ கணவனோ எச்-4 என்ற துணைவர் விசாவில் இருந்தால், 2015 முதல் இந்த நிலையில் இருப்பவர்களுக்கு வேலை அனுமதி கிடைக்கிறது. கம்பெனி மாறினால் புதுக் கம்பெனி பெர்ம், ஐ-140 இரண்டையும் முதலிலிருந்து போட வேண்டும். ஆனால் பழைய தேதி கூடவே வரும். தம்பி இரண்டு முறை மாறினான், 2015 பிப்ரவரி அப்படியே இருக்கிறது. "வேலை மாறினால் வரிசை போய்விடும்" என்ற பயத்தில் பிடிக்காத இடத்தில் வருடக்கணக்காகக் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் கடந்திருந்தால், பழைய கம்பெனி மனுவைத் திரும்பப் பெற்றாலும் அந்தத் தேதி பொதுவாகக் கைவிட்டுப் போகாது. மாறும் முன் ஒரு வக்கீலிடம் தாள்களைக் காட்டிக்கொள்ளுங்கள், அது போதும்.

இன்னொரு நுணுக்கம். 7 சதவீதக் கணக்கு குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. கணவன் மனைவி இருவரில் யார் பிறந்த நாட்டின் வரிசை குட்டையோ, அதில் நிற்கலாம். செம்பூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மருமகள் பிறந்தது மஸ்கட்டில், அப்பா அங்கே வேலையில் இருந்த காலத்தில். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். அந்தப் பிறப்புச் சான்றிதழைக் காட்டி ஓமன் கணக்கில் சேர்ந்து, மகனுக்கு முன்னால் நின்றவர்களையும் தாண்டிப் போய்விட்டார்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிறந்த தமிழர்கள் எத்தனையோ பேர், இது தெரியாமல் இந்திய வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் பயன்படுத்த முடியாது.

பிள்ளைகளின் வயதுதான் இந்த விஷயத்தில் நெஞ்சை அறுப்பது. பெற்றோரோடு சேர்ந்து போக, பிள்ளை 21க்குக் கீழே, திருமணமாகாமல் இருக்க வேண்டும். 2002இல் வந்த ஒரு சட்டம் சின்னச் சலுகை தந்தது. முறை வந்த நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். முறை வந்த ஒரு வருடத்துக்குள் விசாவுக்கான அடுத்த அடியையும் எடுத்துவைக்க வேண்டும். வயதைக் கணக்கிடும்போது பார்க்க வேண்டியது முதல் அட்டவணையைத்தான்.

சித்தி வீட்டுக் கணக்கை அன்று ராத்திரி ஒரு நோட்டில் போட்டுக் காட்டினேன். மனு அப்ரூவ் ஆக மூன்று வருடம் நாலு மாதம். முறை வந்தபோது மகளுக்கு 23 வயது இரண்டு மாதம். கழித்தால் 19 வயது பத்து மாதம். போகலாம். மகனுக்கு 26. கழித்தாலும் 22க்கு மேல். போக முடியாது. மனுப் போட்டபோது அவனுக்கு எட்டு வயது. சித்தி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியின் மகளை நினைத்துப் பார்த்தேன். மும்பையில் பிறந்தவள், இரண்டு வயதில் போனாள். அவள் கணக்கில் கழிக்கக் கிடைப்பது ஐ-140 கிடந்த பதினைந்து நாள் மட்டும். பெர்முக்கு ஆன மாதங்கள் சேராது. வேகமாக அப்ரூவ் ஆனதே என்று அன்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

இனி தாள்கள். முறை நெருங்கும்போது என்விசி கடிதம் அனுப்பும். கட்டணம், டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், சான்றிதழ்கள், கூப்பிடுகிறவரின் வருமானத்தைக் காட்டும் ஐ-864. முறை வந்துவிட்டது என்று எழுதியும் உங்களிடமிருந்து ஒரு வருடம் பதிலே இல்லையென்றால் அவர்கள் மனுவை மூடிவிடக்கூடும். பதினெட்டு வருடத்தில் வீடு மாறும், மின்னஞ்சல் மாறும். முகவரி மாறும்போதெல்லாம் தெரிவியுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல் இருக்கிறது. சித்தியின் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால். ரேஷன் கார்டில் கணவர் பெயர் பின்னால். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகிவிடும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அங்கே போய் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதே பெயராக ஒட்டிக்கொள்ளும். முறை வருவதற்கு ஓரிரு வருடம் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து எழுதி வாங்கிவிடுவது நல்லது.

பிறப்புச் சான்றிதழ் அடுத்தது. சித்தி 1960களில் கிராமத்து வீட்டில் பிறந்தவர், யாரும் பதியவில்லை. பதிவு இல்லை என்று பதிவாளரிடம் ஒரு சான்றிதழ் வாங்கினோம். கூடவே, பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர் ஒருவரின் பிரமாணப் பத்திரம் வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டார். "இவள் பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது, மருத்துவச்சியைக் கூட்டி வந்தது நான்தான்" என்ற வரியை அம்மாவே சொல்லி எழுத வைத்தார். அண்ணன் தங்கை என்று நிரூபிக்க மாமாவின் சான்றிலும் சித்தியின் சான்றிலும் பெற்றோர் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். தாத்தா பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தது. அதைச் சரிசெய்யவே நாலு மாதம் ஆனது.

இடைப்பட்ட காலத்தில் சுற்றுலா விசாவுக்குப் போனால், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா என்று படிவத்தில் கேள்வி இருக்கும். இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். உண்மையைச் சொன்னால் சுற்றுலா விசா மறுக்கப்படலாம். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

நேர்காணலன்று காலை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு டாக்ஸியில் போனோம். உள்ளே போன் அனுமதி இல்லை. சித்தப்பாவின் போன், சித்தியின் கைப்பை, சித்தி மகளின் இயர்போன் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதையில் நான் நின்றேன். உள்ளே மூன்று பேர். மகன் வரவில்லை, புனேயில் வேலை. பன்னிரண்டு மணிவாக்கில் வெளியே வந்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சித்தி மகள் சைகை காட்டினாள். அப்படியென்றால் பொதுவாக விசா உண்டு என்று அர்த்தம்.

சித்தி அங்கே போய்ச் சேர்ந்ததும் செய்த முதல் காரியம், மகனுக்கு எஃப்-2பியில் மனுப் போட்டது. 2025இல் அந்த வரிசை 2016இல் நின்றது. இதில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரின் திருமணமான பிள்ளைக்கு எந்தப் பிரிவும் கிடையாது. சித்தி குடியுரிமை வாங்குவதற்கு முன் அவன் தாலி கட்டினால் அந்த மனு அன்றோடு செத்துவிடும். பிறகு விவாகரத்தே ஆனாலும் உயிர் பெறாது. சித்தி குடியுரிமை வாங்கிய பிறகு கட்டினால் மனு எஃப்-3க்கு மாறி, பழைய தேதியோடு தொடரும். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் கழித்துத்தான் குடியுரிமை. சித்திக்கு அது 2029 கடைசி அல்லது அதற்கு அடுத்த வருடம்.

போன மாதம் சித்தி மகன் புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். அவனுக்கு இப்போது 27. பெண் வீட்டில் தை மாதம் நாள் பார்க்கிறார்கள் என்றான். நான் இதையெல்லாம் சொன்னேன், ஒரு தாளில் வருடங்களை எழுதியும் காட்டினேன். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எட்டு வயசுல இருந்து காத்துக்கிட்டிருக்கேன்க்கா, தை மாசத்தையும் தள்ளிப்போடச் சொல்றீங்களா?" என்றான். அம்மா அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.